ஏற்காடு என்று அடித்தால் ஏற்காடு வராது: பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆன்லைன் தொகுப்பு, சேலத்திலிருந்து ஒரு விமர்சனம்

போன தை மாதம் நண்பர் வீட்டு விசேஷத்துக்காகச் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன், காரணம் பின்னால் வரும். காப்பித் தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவில் கூரைகூட இல்லாத ஒரு சின்னப் பிள்ளையார், அவர் முன்னால் கைக்கு அடக்கமாக ஏழெட்டுக் கற்கள், எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போனவை. அங்கே நின்ற பெரியவரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு முனை குறுகல், மறுமுனை அகலம், அந்த அகல முனையில் இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து ஒரு விளிம்பு, நகத்தை வைத்தால் இன்னும் கூர் தெரிகிறது. ஆறு உருட்டிய கல் இப்படி இருக்காது. பெரியவர், "எங்க தாத்தன் காலத்துல ஏர் ஓட்டறப்ப வந்துது கண்ணு, மண்ணுல கெடக்க வேண்டாம்னு சாமிகிட்ட வெச்சுட்டாங்க" என்றார்.

அது புதிய கற்காலத்துக் கற்கோடரி. மூவாயிரம் வருடத்துக்குக் குறையாது. இந்த மாதிரிக் கற்களை மலைக்காரர்கள் கண்டெடுத்துப் பிள்ளையார் முன்னால் வைப்பது சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் நெடுநாள் வழக்கம். சரி, நம் மலையிலிருந்து இப்படி எடுத்துப்போனது ஏதாவது வெளியில் எங்காவது இருக்கிறதா, இருந்தால் படமாவது பார்க்க முடியுமா என்று அன்று ராத்திரியே போனை எடுத்து உட்கார்ந்தேன். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆன்லைன் தொகுப்புக்குள் நான் நுழைந்தது அப்படித்தான். அதன்பிறகு வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி அதில்தான் போகிறது. இலவசம், கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. ஆனால் எப்படித் தேடுவது என்று தெரியாமல் முதல் ஒரு மாதத்தை நான் வீணாக்கினேன், அந்த ஒரு மாதத்தை இதைப் படிப்பவர்களுக்காவது மிச்சப்படுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். அந்த மியூசியத்தில் இருப்பது ஏறக்குறைய 80 லட்சம் பொருள். லண்டனுக்கே போய் டிக்கெட் இல்லாமல் நுழைந்து சுற்றிச் சுற்றி வந்தாலும் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கக் கிடைப்பது 80 ஆயிரம், நூற்றில் ஒன்று. மீதியெல்லாம் கிடங்கில். 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் அவர்கள் தளத்தைப் புதுப்பித்து விட்டபோது 45 லட்சம் பொருளுக்குப் பக்கமாக விவரம் ஏறியிருந்தது, 19 லட்சம் படம். 2023-ல் கிடங்கிலிருந்தே பொருள்கள் திருடு போனது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானதும், ஐந்து வருடத்துக்குள் 24 லட்சம் பதிவுகளை ஏற்றியோ திருத்தியோ முடிக்கிறோம் என்று அறிவித்தார்கள். அதனால் இன்று தேடிக் கிடைக்காதது ஆறு மாதம் கழித்து வந்திருக்கலாம். நான் தேடின சொற்களையும் தேடின தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன், மறுபடி எப்போது பார்க்கலாம் என்று தெரியும்.

இப்போது பெயர் விஷயம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தலைவலி. ஏற்காடு என்பதை பஸ்ஸில் எழுதியிருக்கிற ஆங்கில எழுத்திலேயே அடித்தேன். நான் நினைத்தது வரவில்லை. மலையின் பெயரை அடிக்கலாமென்றால் அதை வெள்ளைக்காரர்கள் ஒரே மாதிரி எழுதவில்லை. ஒருவர் 'ஷெவராய்' என்கிறார், ஒருவர் நடுவில் ஆர் சேர்த்து 'ஷெர்வராய்' என்கிறார், ஒருவர் கடைசியில் எஸ் போட்டு 'ஷெவராய்ஸ்' என்று பன்மையாக்குகிறார். நமக்கு எல்லாம் ஒரே மலை. கம்ப்யூட்டருக்கு அவை மூன்று வேறு சொற்கள்.

சேலம் இன்னும் மோசம். சேலம் என்று அடித்தால் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிற சேலம் வந்து முன்னால் நிற்கும், 1692-ல் சூனியம் செய்தார்கள் என்று பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட ஊர் அது. சரி, கூடவே இந்தியா என்று சேர்த்துக் கூகுளில் அடிக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த அமெரிக்கச் சேலத்திலேயே பீபடி எசெக்ஸ் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது, 1799-ல் கப்பல் தலைவர்கள் சேர்ந்து தொடங்கிய கிழக்கிந்தியக் கடல் சங்கத்திலிருந்து வளர்ந்தது, அவர்களிடம் இந்தியக் கலைப்பொருள் ஏராளம். சேலம், இந்தியா, மியூசியம் மூன்றையும் சேர்த்துத் தேடினால் நேராக அங்கேதான் கொண்டுபோய் விடும். நானும் ஒரு ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்தேன்.

இதற்கு வழி என்னவென்றால், வெறுமனே சொல்லை அடித்து என்டர் தட்டாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியத் தளத்தில் பெட்டியில் இரண்டு மூன்று எழுத்து அடித்ததுமே கீழே பரிந்துரைகள் விழும், அவை அவர்களே கட்டி வைத்திருக்கிற சொற்பட்டியலிலிருந்து வருபவை, இது இடம், இது ஆள், இது பொருள் வகை என்று பிரித்தே காட்டும். அதில் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் மாசசூசெட்ஸ் ஒதுங்கிவிடும். இது தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு இந்தத் தளம் பிடிபட ஆரம்பித்தது.

ஆனால் இடம் என்பதிலும் மூன்று விதம் இருக்கிறது. பொருள் செய்யப்பட்ட இடம் ஒன்று, கண்டெடுக்கப்பட்ட இடம் ஒன்று, பொருள் எந்த இடத்தைப் பற்றியது என்பது இன்னொன்று. உதாரணம் சொன்னால் புரியும். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இரண்டு ஓவியர்கள் 1792-ல் நம் பக்கம் வந்து, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமான பாராமகாலின் கோட்டைகளை வரைந்தார்கள், ராயக்கோட்டை, ஜகதேவி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அச்சானது லண்டனில். செய்த இடம் தமிழ்நாடு என்று ஃபில்டர் போட்டால் அந்தப் படம் வராது, ஏனென்றால் கணக்குப்படி அது லண்டனில் செய்த பொருள். ஆகவே சிற்பம், நகை, துணி என்றால் செய்த இடம். தரையிலிருந்து கிடைத்தது என்றால் கண்டெடுத்த இடம். ஓவியம், போட்டோ, வரைபடம் என்றால் தொடர்புடைய இடம். மூன்றிலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது, இரண்டு நிமிட வேலை.

ராயக்கோட்டையை டேனியல் ஆங்கிலத்தில் நடுவில் சி போட்டு 'ரயகோட்டா' என்று எழுதினார். 66 வருடம் கழித்து அதே மலைக்கோட்டையைப் போட்டோ எடுத்த லின்னேயஸ் டிரைப் கே போட்டு எழுதினார். ஒரே ஒரு எழுத்துதான், அதனால் ஒருவரைத் தேடினால் மற்றவர் கிடைக்க மாட்டார். இந்த டிரைப் யாரென்றால் மதராஸ் அரசாங்கம் நியமித்த போட்டோகிராபர், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்துக்கொண்டே சேலம் வழியாகத் தெற்கே போனவர். மதுரை, தஞ்சாவூர் ஆல்பங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் வேறு இடங்களும் என்றே தலைப்பு வைத்து 1858-ல் ஒரு தனித் தொகுப்பு வந்தது நம் ஊர்க்காரர்களுக்கே தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பாருங்கள், அந்தத் தலைப்பிலேயே ராயக்கோட்டை சேலம் மாவட்டம். இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். இந்தக் கணக்கு தெரியாமல் தேடவே கூடாது. திருப்பத்தூர் 1911 வரை நம் மாவட்டம். தர்மபுரி 1965-ல் பிரிந்தது, நாமக்கல் 1997-ல், கிருஷ்ணகிரி 2004-ல். ஒரு பழைய பதிவில் சேலம் மாவட்டம் என்று இருந்தால் அது ஓசூராக இருக்கலாம், கொல்லிமலையாக இருக்கலாம். திருப்பியும் அப்படித்தான், பழைய பதிவைப் பின்னால் யாராவது திருத்தும்போது இன்றைய மாவட்டத்தைப் போட்டிருக்கலாம், அப்போது சேலம் என்று தேடினால் வராது. இன்னும் ஒரு படி மேலே போனால், வெறும் மெட்ராஸ் என்று மட்டும் எழுதியிருக்கிற பதிவுகள். பழைய பேரேட்டில் மெட்ராஸ் என்றால் நகரமாகவும் இருக்கலாம், மாகாணமாகவும் இருக்கலாம். மலையாளக் கடற்கரை முதல் ஒடிசாவின் கஞ்சம் வரை எதுவும் அதில் அடங்கும். அந்தக் குவியலில் நம் பக்கத்துப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க விளக்கத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய எழுத்து முறைகளைச் சேகரிக்க நான் கண்ட நல்ல இடம் பழைய மாவட்டக் கையேடுகள். லெ ஃபானு 1883-ல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் 1918-ல் எழுதிய கெசட்டியர். இவற்றில் ஊர் ஊராகப் போனால் சங்ககிரிக்குப் பின்னால் துர்க்கம் ஒட்டிக்கொண்டு 'சங்கரிட்ரக்' ஆகியிருக்கும், திருப்பத்தூர் 'திரிபதூர்' ஆகியிருக்கும், கிருஷ்ணகிரி 'கிஸ்ட்னகெர்ரி' ஆகியிருக்கும். ஒரு பக்கத்தில் இப்படி எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மலைவாழ் மக்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம்: மலையாளி என்று இன்றைய ஆங்கில எழுத்தில் போட்டால் கேரளம் முழுக்க வந்து இறங்கும். மதராஸ் மியூசியத்தில் 1885 முதல் 1908 வரை மேற்பார்வையாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மலை மலையாளிகளை எழுதும்போது ஒய்-க்குப் பதில் ஐ போட்டு எழுதினார். அந்த எழுத்தில் போட்டால் கேரளம் வராது, நம் ஆட்கள் வருவார்கள்.

பொருளின் பெயரும் இப்படித்தான். கற்கோடரியை நான் 'ஆக்ஸ்' என்று தேடினேன். பழைய ஆட்கள் அதை 'செல்ட்' என்று எழுதினார்கள், சிலர் 'ஹேட்செட்', சிலர் 'அட்ஸ்', சிலர் 'நியோலித்'. வேட்டி என்றால் 'டோட்டி' என்று இ இரண்டு போட்டு, லுங்கி என்றால் ஓ இரண்டு போட்டு. சேலத்துக் கஞ்சமலை இரும்பிலிருந்து செய்த உருக்கைத் தேடுகிறவர்கள் ஸ்டீல் என்று போடாமல் 'ஊட்ஸ்' என்று போடுங்கள், அந்தச் சொல்லுக்குள் நம் பக்கத்துச் சொல்தான் ஒளிந்திருக்கிறது என்கிறார்கள். சேலத்து இரும்புக்கல்லை நம்பி 1830களில் பரங்கிப்பேட்டையில் உலை வைத்த ஹீத் பெயரையும் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பதிவு எண். பிரிட்டிஷ் மியூசியத்துப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, அது சும்மா வரிசை எண் கிடையாது. ஆந்திராவிலிருந்து போன அமராவதிச் சிற்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள், 1880,0709 என்று தொடங்கும், பிறகு ஒரு புள்ளி, பிறகு ஒரு எண். 1880-ஆம் வருடம், ஏழாம் மாதம், ஒன்பதாம் தேதிக் கணக்கில் பேரேட்டில் ஏறியது, அந்தத் தொகுதியில் இத்தனையாவது பொருள் என்று அர்த்தம். ஆகவே நல்ல பொருள் ஒன்று கண்ணில் பட்டால் புள்ளிக்கு முன்னால் இருக்கிற எண்ணை மட்டும் எடுத்துத் தேடுங்கள். அதே நாளில், பெரும்பாலும் அதே ஆளிடமிருந்து, அதே பெட்டியில் வந்த மற்ற பொருள்கள் வரிசையாக வரும். அவற்றில் பாதிக்கு ஊர்ப் பெயரே எழுதியிருக்காது, விளக்கம் ஒரு வரிதான் இருக்கும், எந்தச் சொல்லைப் போட்டும் அவை கிடைத்திருக்காது. எண் வழியாகப் போனால் மட்டும்தான் அவற்றைப் பார்க்க முடியும். ஊர்ச் சொல்லைப் போட்டு நாலு பொருள் பார்த்த இடத்தில் இந்த வழியில் நாற்பது பார்த்திருக்கிறேன்.

அதேபோல் பொருளைக் கொடுத்தவர் பெயர். பெரும்பாலான பதிவுகளில் யார் கொடுத்தது, எந்த வருடம் என்று இருக்கும், அந்தப் பெயரைத் தட்டினால் அவர் கொடுத்ததெல்லாம் வரும். நம் பக்கத்தில் வேலை பார்த்த கலெக்டர், பாதிரியார், சர்வேயர், தோட்டக்காரர் பெயர்களை மாவட்டக் கையேட்டிலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இந்த வழியில் போனபோதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. சேர்வராயன் மலைக் கற்கோடரி என்றால் ராபர்ட் புரூஸ் ஃபூட் பெயர் வராமல் இருக்காது. இந்திய நிலவியல் துறையில் வேலை பார்த்தவர், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியாவின் பழங்கால வரலாற்றையே பின்னுக்குத் தள்ளியவர். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில்தான் இருந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தபின் சாம்பலைக் கொண்டுவந்து ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல், அவரும் 1882-ல் ஏற்காட்டில்தான் இறந்தார். இத்தனையும் நம் மலையில். (ஃபூட் பெயரில் தேடும்போது கடைசி இ-யை விட்டுவிடாதீர்கள், பாதமும் காலணியும்தான் வரும்.)

ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்களும் பானை ஓடுகளும் 1904-ல் மதராஸ் மியூசியத்துக்குப் போயின. அதாவது எழும்பூருக்கு. நான் லண்டன் தளத்தில் தேடிக்கொண்டிருந்த கல் லண்டனுக்குப் போகவே இல்லை. அந்தத் தொகுப்புக்கு 1914-லும் 1916-லும் மதராஸ் மியூசியம் பட்டியல் அச்சிட்டது, ஸ்கேன் செய்து இணையத்தில் இருக்கிறது, அதில் சேர்வராயன் மலைக்கு இடம் உண்டு. இதைத் தேடலில் முதல் படியாக வைத்திருக்க வேண்டும்: பொருளைத் தேடுமுன் அதைச் சேர்த்தவர் யார், அவருடைய சேகரிப்பு எங்கே போனது என்று பார்ப்பது. ஸ்கேன் புத்தகத்துக்குள் தேடும்போது எழுத்துகள் சிதைந்திருக்கும், அதனால் முழுச்சொல்லைப் போடாமல் நடுவிலிருந்து நாலைந்து எழுத்தை மட்டும் போட்டுப் பார்ப்பேன், அல்லது பேசாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுவேன்.

சேகரிப்பு எங்கே போனது என்பதற்கு இன்னொரு பெரிய உதாரணம், கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் வைத்திருந்த இந்தியா மியூசியம். 1879-ல் அதைக் கலைத்துப் பங்கு பிரித்தார்கள். துணி, ஆயுதம், கைவினை எல்லாம் சவுத் கென்சிங்டனுக்கு, அதுதான் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம். அமராவதிக் கற்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு. செடி, விதை, நார், மரப்பட்டை எல்லாம் கியூ தோட்டத்துக்கு. ஒரே ஊரிலிருந்து ஒரே வண்டியில் போன சாமான் இன்று மூன்று தளத்தில் கிடக்கிறது. சேலத்துத் துணியைப் பிரிட்டிஷ் மியூசியத்தில் தேடிவிட்டு இல்லை என்று மூடிவிட வேண்டாம், விக்டோரியா ஆல்பர்ட் தளத்தில் தேடுங்கள், 12 லட்சத்துக்கு மேல் பதிவு இருக்கிறது. அங்கே இருக்கிற திப்பு சுல்தானின் மரப் புலிப் பொம்மையின் எண் 2545, பக்கத்தில் ஐ எஸ் என்று இரண்டு எழுத்து. அந்த இரண்டு எழுத்தை எண்ணில் பார்த்தால் இந்தியப் பிரிவு என்று தெரிந்துகொள்ளலாம்.

துணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1866-ல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதி, 700 மாதிரித் துண்டு, இப்படி 20 செட் செய்தார், மான்செஸ்டர் ஆலைக்காரர்கள் பார்த்து அதே மாதிரி நெய்து இங்கே விற்பதற்காக. அதன் படங்கள் இணையத்தில் இருக்கின்றன. அம்மாபேட்டையில் தறி போட்டிருக்கிற எங்கள் மாமா ஒருவர், வயது எழுபதுக்கு மேல், வெண்பட்டும் நெய்தவர். ஒரு வேட்டித் துண்டின் படத்தை டிவியில் போட்டு முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினேன். நெருங்கிப் போய் நின்றவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, விரலால் கரையில் இழை இழையாக எண்ணிக்கொண்டே இருந்தார். "கரையில பாவு ரெட்டை இழை போட்டிருக்கான், உடம்புல ஒத்தை இழை. ஊடை தட்டினது பாரு, ஒரே சீரா இருக்கு, இது அவசரத்துல நெஞ்சது இல்ல" என்றார். ஒட்டியிருக்கிற சீட்டில் நீளம், அகலம், எடை, விலை எல்லாம் இருக்கிறது. நெய்தவர் பெயர் இல்லை. மாமா அதைத்தான் முதலில் கேட்டார். இந்தப் படங்களைத் தொழில் தெரிந்தவர்களுக்குக் காட்டுங்கள், பதிவை எழுதியவருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். அதற்குப் படம் பெரிதாக விரிய வேண்டும், பிரிட்டிஷ் மியூசியத் தளத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் தளத்திலும் அது நன்றாகவே விரிகிறது.

மற்றத் தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017-ல் காப்புரிமை முடிந்த பொருள்களின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது, புத்தக அட்டையில் போடலாம், டி-ஷர்ட்டில் அச்சடிக்கலாம். கிளீவ்லாண்ட் 2019-ல், ஸ்மித்சோனியன் 2020-ல் அதே வழியில் வந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் அப்படி இல்லை, பெயர் போட்டு, காசு பார்க்காத வேலைக்கு மட்டும். பள்ளிக்கூடத்துக்கும் நம் மாதிரி ஆட்களுக்கும் அது போதும். விற்கிற புத்தகத்துக்கு என்றால் அனுமதி வாங்க வேண்டும். இந்தியாவில் மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா தளம் இருக்கிறது, சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் செய்த ஜதன் மென்பொருளில் கட்டியது, முதலில் பத்து மியூசியம் சேர்ந்தன, டெல்லி தேசிய மியூசியம், கல்கத்தா இந்தியன் மியூசியம், ஹைதராபாத் சாலார் ஜங் எல்லாம். அந்தப் பத்தில் எழும்பூர் இல்லை. ஃபூட்டின் கற்கள் ஒவ்வொன்றும் படத்தோடு இணையத்தில் ஏற வேண்டும் என்பது என் பெரிய ஆசை. அதுவும் தமிழில் தேடுகிற மாதிரி.

ஒரு வெளிநாட்டுத் தளம், பெயர் வேண்டாம், அதில் நான் நாலைந்து ஃபில்டர் போட்டு ஒரு பொருளைத் திறந்துவிட்டுப் பின்னால் வந்தால் எல்லா ஃபில்டரும் போயிருக்கும், மறுபடி முதலிலிருந்து. அதன்பிறகு எந்தத் தளத்திலும் பொருளைப் புதுப் பக்கத்தில் திறக்கப் பழகிக்கொண்டேன், போனில் விரலை அழுத்திப் பிடித்தால் போதும். பிரிட்டிஷ் மியூசியத்தில் தேடல் முடிவு முழுவதையும் எக்ஸெல்லில் திறக்கிற சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், நான் இதை ரொம்ப லேட்டாகத்தான் பார்த்தேன். ஏற்காட்டில் சிக்னல் வந்து வந்து போகும் இடங்களில் உட்கார்ந்து பார்க்க அதுதான் உதவுகிறது. அப்புறம், படம் உள்ளவை மட்டும் என்ற ஃபில்டரைப் போடாதீர்கள். போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நம் பக்கத்துச் சின்னச் சின்னப் பொருள்களுக்குப் பாதிக்குமேல் படமே கிடையாது, அவை எல்லாம் மறைந்துவிடும். பதிவைத் திறந்தால் கியூரேட்டர் குறிப்பு என்று ஒரு பகுதி இருக்கும், சில பதிவில்தான், அது இருந்தால் முதலில் அதைப் படியுங்கள், பழைய பேரேட்டில் இருந்ததையும் யார் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்பதையும் அங்கேதான் தருகிறார்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை என்றேனே. மலையில் இந்த மாதிரிப் பிள்ளையார்களுக்குக் கதவு கிடையாது, பூட்டு கிடையாது. படத்தையும் ஊரையும் சேர்த்துப் போட்டால் வாங்குகிறவனுக்கு வழி காட்டின மாதிரி ஆகிவிடும். 1972 சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யவே கூடாது, ஆனால் அது காணாமல் போனபின் சட்டத்தை வைத்து என்ன செய்வது. நீங்களும் மலையில் எங்காவது பார்த்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல் அங்கேயே இருக்கட்டும்.

போன மாதம் மறுபடி அந்த ஊருக்குப் போனபோது போனில் இறக்கி வைத்திருந்த தென்னிந்தியக் கற்கோடரிப் படங்களைப் பெரியவருக்குக் காட்டினேன். வெயிலில் திரை தெரியவில்லை என்று திண்ணைக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் விளிம்பு எந்தப் பக்கம் என்று விரலால் காட்டச் சொன்னார். பிறகு, "இதெல்லாம் எங்க கண்ணு இருக்கு?" என்றார். லண்டனில் என்றேன். "அங்க யாரு எண்ணெய் வெக்கறாங்க?" என்றார். பெட்டிக்குள் இருக்கிறது, வருடம், எடை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். எழுதி வைத்திருப்பது நல்லதுதான் என்று தலையாட்டினார். நம் மலைக் கல் எழும்பூரில் இருக்கிறது, ஏற்காட்டிலேயே குடியிருந்த ஒருவர் சேர்த்தது என்றதும் போனை என் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஃபூட் பட்டியலின் சேர்வராயன் பகுதியிலிருந்து எண்களை எல்லாம் நோட்டில் எழுதி முடித்துவிட்டேன். எண் கையில் இருந்தால் மியூசியத்தில் கேட்பது சுலபம், மலையில் கிடைத்த ஒரு கல் என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது. அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன், கிடைத்தால் அடுத்த மாதம் காலை ரயிலில் சென்னை. பெரியவரும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், நண்பர் வீட்டிலிருந்து அவரைச் சேலம் ஜங்ஷனுக்கு முதல் நாளே இறக்கிக் கொண்டுவர ஏற்பாடு செய்ய வேண்டும்.